எண்ணெய் வைக்காத தலை

இன்னைக்கு என் தலையில எண்ணெய் இல்ல. பயமா இருக்கு. பக்கத்து நாற்காலியில ரெண்டு காலையும் அகட்டிப் போட்டு உக்காந்து, எவனோ கடல்ல மீன் பிடிக்கிறதப் போன்ல பாத்துக்கிட்டிருக்கானே முனியராஜ், எனக்குத் தாலி கட்டுன மகராசன், அவனுக்கு இது இன்னும் உறைக்கல. உறைக்காம இருக்கணும் தாயே. நேத்து இந்தத் தோல் ஆஸ்பத்திரிக்கு அவன்தான் போன் போட்டு டோக்கன் வாங்குனான். தலைய நல்லா ஷாம்பு போட்டு அலசிட்டு வரணும், ஒரு சொட்டு எண்ணெய் தொடக்கூடாது, அப்பத்தான் மிஷின்ல தலைத்தோலு தெரியும்னு இங்க இருக்கிற பொண்ணு சொல்லிருச்சு. சரிம்மா, ஆகட்டும்மான்னு பூப்போலப் பேசிட்டுப் போனை வச்சான். என் பக்கம் திரும்பி, கேட்டுச்சுல்ல, நாளைக்கு மட்டும் எண்ணெயோட வந்து நின்ன, அப்படின்னு பாதியில விட்டான். எதையும் முழுசாச் சொல்ல மாட்டான். மிச்சத்தக் கை சொல்லும். காலையில அலசுனேன். அலசி, துவட்டி, பின்னிப் போட்டா பின்னலு கயிறு மாதிரி முதுகுல கெடக்கு. தொட்டுப் பாத்தேன், விரலுக்குப் பிடி கிடைக்குது. நல்லாவே கிடைக்குது. அடிப்பாவி மகளே, உன் பின்னல நீயே பிடிச்சுப் பாத்துப் பயந்துக்கிட்டு உக்காந்திருக்கியேடின்னு எனக்கே சிரிப்பு வந்துச்சு. சிரிச்சா என்ன இளிப்புங்கிறான். இல்லங்க, ஒண்ணுமில்லங்கன்னேன். வாய்க்கு வாய் ங்க போடுறேன், மனசுக்குள்ள ஒரு நாளும் போட்டதில்ல.

பொறந்ததுல இருந்தே எனக்கு எண்ணெய்த் தலை. எங்கம்மா எண்ணெயே வைக்க மாட்டா. காலையில குளிச்சிட்டுப் போனா மத்தியானச் சோத்துக்கு மணியடிக்கிறப்ப நெத்தி மினுமினுன்னு இருக்கும், சாயங்காலம் முடி தலையோட ஒட்டிக் கெடக்கும். பள்ளிக்கூடத்துல என் பேரு பாண்டீஸ்வரி இல்ல, செக்கு. ஏ செக்கு, இங்க வாடி, அப்பளம் பொரிக்கணும் கொஞ்சம் எண்ணெய் குடு அப்படின்னு கேப்பாளுக. நானும் குனிஞ்சு தலையக் காட்டி எடுத்துக்கங்கடின்னு சொல்லுவேன். அப்பல்லாம் எனக்கு வாயி ஜாஸ்தி. இவன் என்னயப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட, நல்ல எண்ணெய்ப் பிடிப்பான முடி, இடுப்புக்குக் கீழ இருக்குன்னு இவங்க அக்கா இந்திராணிதான் பின்னலத் தூக்கிப் பாத்துச் சொன்னா. கையில எடை பாக்குற மாதிரி ரெண்டு தடவ தூக்கிப் பாத்தா. மாட்டு வால முறுக்கிப் பாப்பாங்கள்ல, அப்படி. எனக்கு அப்பவே கோவம் வந்துச்சு. வந்து என்ன பண்ண, காப்பித் தட்டு கையில இருந்துச்சு. அந்தச் சூடான காப்பிய அவ மடியில சாச்சிருந்தேன்னா அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். நல்ல பிள்ளையா நின்னேன். நல்ல பிள்ளையா நிக்கிறவ தலையிலதான் எல்லாம் விடியுது.

இயற்கையாவே எண்ணெய் வடியிற தலைக்கு எதுக்குடி காலையும் சாயங்காலமும் கை நிறைய எண்ணெய ஊத்துறேன்னு கேக்காத ஆளு இல்ல. பக்கத்து வீட்டுக்காரி கேட்டா. இந்திராணி கேட்டா. உடம்புச் சூடுன்னு சொன்னேன். சூடுன்னா நம்மாளுக நம்பிருவாங்க, மேல கேக்க மாட்டாங்க. நெசம் வேற. கல்யாணம் ஆகி ரெண்டாவது வருசம்னு நெனைக்கிறேன், தலைக்கு நல்லெண்ணெய் தேச்சு ஊற வச்சிட்டு அடுப்படியில கொழம்பு கொதிக்க வச்சிக்கிட்டிருந்தேன். என்னமோ கேட்டான். பதில் பிந்திப் போச்சு. வழக்கம்போலப் பின்னாடி இருந்து கொத்தாப் பிடிச்சான். பிடிச்சு இழுத்தான் பாருங்க, கை வழுக்கி, இழுத்த வேகத்துல அவனே போயி கிரைண்டர்ல இடுப்ப இடிச்சுக்கிட்டு விழுந்தான். தெருத் தெருவா இருபது லிட்டர் தண்ணிக் கேன ஒத்தக் கையால தூக்கிப் போடுறவன், என் தலை எண்ணெய்ல வழுக்கி விழுந்து கெடந்தான். நான் கொல்லைப்பக்கக் கதவத் தெறந்து பக்கத்து வீட்டுக்குள்ள போயிட்டேன். அன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன். அதுல இருந்து எண்ணெய் வைக்காத நாளே இல்ல. வேர்க்கால்ல தேச்சு, பின்னல்ல தேச்சு, கழுத்து வரைக்கும் வடிய விடுவேன். அடி விழாம இருக்குதான்னா, அதெல்லாம் விழும். ஆனா முடியப் பிடிச்சு நிறுத்திவச்சு அடிக்க முடியாது. பிடிச்சு நிறுத்தி அடிக்கிறதுக்கும் ஓடுறவளத் துரத்தி அடிக்கிறதுக்கும் எம்புட்டு வித்தியாசம்னு வாங்குனவளுக்குத்தான் தெரியும். சுவத்துல கொண்டுபோய் மோத முடியாது. அதுதான் கணக்கு.

ஆனா தலைக்கு இந்தக் கணக்கு தெரியுமா. அது சும்மா இருக்கல. முதல்ல அரிப்பு. அப்புறம் மஞ்ச மஞ்சளா மெழுகு மாதிரி ஒரு செதிலு, நகத்துல எடுத்தா பிசுபிசுன்னு ஒட்டும். அப்புறம் காதுக்குப் பின்னாடி சின்னச் சின்னக் கொப்பளம். பொடுகுக்குக் காய்ஞ்ச தலைதான் காரணம், இன்னும் எண்ணெய் வையின்னு எங்க தெருவுல அம்புட்டுப் பேரும் சொன்னாங்க. நானும் அதக் கேட்டுக் கூடுதலா ஊத்துனேன். தலகாணி உறை நாறிப்போச்சு. துவைச்சாலும் அந்தச் சிக்கு வாடை போகல. நாறுது நாறுதுன்னு அதுக்கும் அடிச்சான். அடி விழக்கூடாதுன்னு எண்ணெய் வச்சு, எண்ணெய் வச்சதுக்கு அடி வாங்குறேன், எவகிட்ட போய்ச் சொல்ல இத. எண்ணெய் மீறிக் கை பிடிச்ச நாளும் உண்டு. உச்சிக்குக் கொஞ்சம் கீழ, வலது பக்கம், விரலால தடவுனா வழவழன்னு ரெண்டு மூணு இடம் இருக்கு. அங்க முடி திரும்ப மொளைக்கல. போன வாரம் இந்திராணி வந்தவ, புது வீடு கிரகப்பிரவேசத்துக்குத் தேதி குறிச்சாச்சுன்னு சொல்லிட்டு, என் தலையப் பாத்து மூஞ்சியச் சுளிச்சா. என்னடா இவ தலை இப்படிப் பிடுங்கி விட்ட மாதிரி இருக்கு, என் சம்மந்தி வீட்டாளுக முன்னாடி இப்படியா நிக்கப்போறா, நல்ல டாக்டரா காட்டுடான்னு தம்பிகிட்ட சொல்லிட்டுப் போனா. பிடுங்கி விட்ட மாதிரியாம். அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாதிரி போட்டா. அதான் இன்னைக்கு லோடு வண்டியக் கூட நிப்பாட்டிட்டு என்னயக் கூட்டிக்கிட்டு வந்திருக்கான். பிடுங்குன கையே மருந்து வாங்க வந்து உக்காந்திருக்கு. கல்லானாலும் கணவன்னு சொல்லுவாங்க. கல்லா இருந்தா ரெண்டு பேரா சேந்து தூக்கி வாய்க்கால்ல போட்டிருக்கலாமே.

உள்ள ஒரு அம்மா போயிருக்கு. அது வந்ததும் நான். ஏசிக் காத்து நேரா என் மண்டையில விழுது. காய்ஞ்ச தலையில காத்து படுறதே எனக்கு மறந்துபோச்சு, கூசுது. அவன் கை நாற்காலிக்குப் பின்னாடி நீண்டு கெடக்கு. என் பின்னலு அவன் விரலுக்குப் பக்கத்துலதான் இருக்கு. நான் முன்னாடி தள்ளி உக்காந்தேன். ஒழுங்கா உக்காருங்கிறான். சாஞ்சு உக்காந்தேன். இப்ப பின்னலு அவன் மணிக்கட்டு மேல கெடக்கு, எனக்கு அங்கிட்டு நகரவும் முடியல இங்கிட்டு நகரவும் முடியல. இந்தக் கைய என்னென்ன பண்ணலாம்னு எம்புட்டு நாளு யோசிச்சிருக்கேன். தாளிக்கிற எண்ணெயக் கரண்டியோட கவுக்கலாம். தூங்குறப்ப அம்மிக்குழவிய அந்த விரலுக மேல நட்டு வைக்கலாம், நொறுக்குன்னு சத்தம் கேக்குற வரைக்கும். தண்ணிக் கேன் ஏத்துறப்ப வண்டியோட பின்கதவ வேகமாச் சாத்தலாம். மொளகா அரைக்கிறப்பல்லாம் இதுதான் நெனப்பு, அதனாலதான் எங்க வீட்டு மொளகாச் சாந்து நைசா இருக்கும். மொட்டை அடிச்சிரலாம்னு ஒரு தடவ அழகர்கோயிலுக்கு நேந்துக்கிட்டேன்னு சொன்னேன். எவளக் கேட்டு நேந்தேன்னான். அப்புறம் நானே யோசிச்சேன். முடி இருக்கிறதால முடியப் பிடிக்கிறான். முடி இல்லேன்னா கழுத்து இருக்கு. இந்த எடத்துக்கு வந்தா என் நெனப்பு எப்பவும் முட்டி நின்னுரும், மேல போகாது. கழுத்துல எண்ணெய் நிக்காது.

டாக்டர் என்ன கேப்பான்னு தெரியல. பொம்பள டாக்டர்தான், வெளிய பலகையில ஹெப்சிபான்னு போட்டிருக்கு. முடிய வெலக்கிப் பாக்காம இருக்க மாட்டா. வெலக்குனா அந்த வழவழப்பு தெரியும். எப்படி வந்துச்சுன்னு கேப்பா. சீப்பு பட்டுருச்சுன்னு சொல்லணுமாம், வண்டியில வர்றப்பவே சொல்லிக் குடுத்துட்டான். பேன் சீப்பு வச்சு அழுத்தி வாருவேன்னு சொல்லு, வேற ஏதாச்சும் வாயத் தெறந்த. பாதியில விட்டான். நான் சொல்லிருவேன். எப்பவும் சொல்ற மாதிரிச் சொல்லிருவேன், குழாயடியில வழுக்கி விழுந்தேன், கதவு இடிச்சிருச்சு, சீப்பு பட்டுருச்சு. இதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. என் தலையோட போற விசயமா இருந்தா சொல்லிட்டுப் போயிருப்பேன். ஆனா ஞாயித்துக்கிழமை நடந்தது ஒண்ணு வந்து வந்து குறுக்க நிக்குது. தள்ளி விட்டாலும் திரும்ப வந்து நிக்குது. எங்க மக கவிநிலா, ஆறாப்பு படிக்கிறா. சார்ஜர எடுத்துட்டு வாடின்னான். அவ டிவியப் பாத்துக்கிட்டே இந்தா வாரேம்ப்பான்னா. எந்திரிச்சுப் போயி அவ ரெட்டச் சடையில ஒண்ண எடுத்து, அவசரமே படாம, கையில ஒரு சுத்து சுத்துனான். இழுக்கல. சும்மா சுத்திப் பிடிச்சிக்கிட்டு நின்னான். பிள்ளை கழுத்த ஒரு பக்கமாச் சாச்சுக்கிட்டு அப்படியே நிக்குது, மூச்சு விடல. எனக்கு அந்தச் சாய்வு தெரியும். எந்தப் பக்கம் சாச்சா வலி கொறையும்னு பிள்ளைக்கு யாரு சொல்லிக் குடுத்தா. நான் ஓடிப் போய்ச் சார்ஜர எடுத்துக் குடுத்தேன், விட்டுட்டான்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரி விடக் கூப்பிட்டா, அவளே எண்ணெய்ப் பாட்டிலத் தூக்கிக்கிட்டு வந்து முன்னாடி உக்காந்தா. எண்ணெய்னாலே மூஞ்சியத் திருப்புற பிள்ளை. என் தலையேதான் அவளுக்கும், மத்தியானமே பிசுபிசுத்துப் போகும். "அம்மா, உனக்கு வைக்கிற மாதிரி எனக்கும் வையி"ன்னா. ஏண்டி, வகுப்புல எல்லாரும் கிண்டல் பண்ணுவாளுகளேன்னேன். "பண்ணட்டும். நெறைய வையி." நான் அவகிட்ட எதையும் சொன்னதில்ல. ஒரு வார்த்தை சொன்னதில்ல. என்னயப் பாத்தே படிச்சிருக்கா. நானும் ஊத்துனேன். என்ன பண்ணுறோம்னு தெரிஞ்சே ஊத்துனேன், வேர்க்கால்ல தேச்சு, சடையில தேச்சு, கழுத்து வரைக்கும். கண்ணாடியில பாத்து, போதும்மா, இப்ப வழுக்கும்னு சொல்லிட்டுப் பையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்குப் பூரா என் கையில எண்ணெய் வாடை போகல, சோப்பு போட்டுக் கழுவிக் கழுவிப் பாத்தேன். கை எரிஞ்சதுதான் மிச்சம். அவனக் குத்திப் போடணும்னு எத்தனையோ நாள் நெனச்சிருக்கேன், ஆனா அன்னைக்குத்தான் அருவாமனை முன்னாடி வாழக்காயக் கையில வச்சிக்கிட்டு நெசமாவே எடம் பாத்தேன். எங்க குத்துனா எந்திரிக்க மாட்டான்னு. பயந்துபோய் அருவாமனைய மடக்கிப் பரண் மேல வச்சேன். கத்தியில நறுக்கிக்கிட்டிருக்கேன் இப்ப வரைக்கும்.

பாண்டீஸ்வரின்னு கூப்பிட்டாங்க. எந்திரிச்சா அவனும் எந்திரிக்கிறான். சார் நீங்க வெளிய இருந்தாலும் பரவாயில்லன்னு அந்தப் பொண்ணு சொல்லிப் பாத்துச்சு. இல்லம்மா, நான் இருந்தாத்தான் இவளுக்குத் தைரியம்ங்கிறான். கேட்டுக்கங்க. உள்ள டாக்டர் சின்ன வயசுதான், கண்ணாடி போட்டு, நறுக்குன்னு முடி வெட்டியிருந்தா. காதோரம் வரைக்கும்தான் முடி, ஒரு பிடிக்குக் கூட வராது. அதத்தான் மொதல்ல பாத்தேன். பேனா மாதிரி, நுனியில கேமரா வச்ச ஒரு லைட்ட எடுத்து என் தலையில வச்சா, மேசை மேல இருந்த திரையில என் தலைத்தோலு வந்துச்சு. அம்மாடி. தோலுல வேர்வை பூத்த மாதிரி எண்ணெய் மினுங்குது, முடிக்கு அடியில மஞ்சச் செதிலு அப்பிக் கெடக்கு. இத்தனைக்கும் காலையில அலசுன தலை. எல்லாருக்கும் தலைத்தோல்ல எண்ணெய் சுரக்குமாம், எனக்குக் கொஞ்சம் கூடுதல், அது ஒண்ணும் சீக்கு இல்லையாம். அந்த எண்ணெயத் தின்னுக்கிட்டு ஒரு பூஞ்சை இருக்குமாம், மேல மேல நான் ஊத்துறது அதுக்கு விருந்து வைக்கிறதாம். பொடுகுன்னாலே எண்ணெய் வையின்னு சொல்றது தப்புன்னா. சூட்டுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லன்னா. நகத்தால சொறியக் கூடாது, மருந்து ஷாம்பு எழுதித் தாரேன், போட்டு அஞ்சு நிமிசம் ஊற விட்டு அலசணும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். எண்ணெய சுத்தமா மறந்துரணும்னா. அவ பாட்டுக்குச் சொல்லிட்டா. எண்ணெய மறந்துரணுமாம். இந்தச் சீட்ட வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போனா, நாளையில இருந்து அந்த வீட்டுல எண்ணெய் வாசமே இருக்கக் கூடாதும்பான். டாக்டர் சொல்லியாச்சுல்ல. ரெண்டு காய்ஞ்ச தலை அவன் கைக்கு எட்டுற தூரத்துல. அவன் பின்னாடி நின்னு, நல்லாச் சொல்லுங்க மேடம், நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா, வெளக்குக்கு ஊத்துற மாதிரி ஊத்துறான்னு சிரிக்கிறான்.

டாக்டர் அந்த லைட்ட வலது பக்கம் நகத்துனா. திரையில முடிக் காடு போயி வெறுந்தோலு வந்துச்சு. நிப்பாட்டுனா. மறுபடி நகத்துனா, இன்னொண்ணு. சுத்தி ஒடிஞ்ச முடியெல்லாம் கரும்புள்ளியா நிக்குது. இது எப்படி வந்துச்சுன்னு மெதுவாக் கேட்டா. சீப்பு மேடம், பேன் சீப்பப் போட்டு அழுத்தி அழுத்தி வாருவா, முரட்டுப் பொம்பளன்னு அவன் பதில் சொல்லிட்டான். அவங்க சொல்லட்டும் சார்னா. அப்புறம் குனிஞ்சு என் மூஞ்சியப் பாத்து, "நீங்க சொல்லுங்க. இவ்வளவு எண்ணெய் சுரக்கிற தலைக்கு எதுக்கு இவ்வளவு எண்ணெய் வச்சீங்க?"ன்னு கேட்டா. சூடுன்னு சொல்லலாம். நாக்கு நுனியில இருக்கு, சூடு டாக்டர். ரெண்டே எழுத்து. சொல்லிட்டா வீட்டுக்குப் போயிரலாம், போற வழியில புரோட்டா கூட வாங்கித் தருவான், வெளிய வந்தா நல்லவன்தான். சாயங்காலம் பிள்ளை வந்துரும். பாட்டிலத் தேடும். டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாங்கடின்னு அதுகிட்ட நான்தான் சொல்லணும். அது என்னய எப்படிப் பாக்கும்னு தெரிஞ்சுச்சு. அந்தப் பார்வைக்கு இவன் கையே தேவலை.

"பிடிச்சா வழுக்கணும்ல டாக்டர். அதுக்குத்தான் வச்சேன்."

என் குரலா அதுன்னு எனக்கே தெரியல, மார்க்கெட்டுல வெலை சொல்ற மாதிரி இருந்துச்சு. லைட்டு என் தலையிலயே இருக்கு. அவன் சிரிச்சான். மேடம், இவளுக்கு மண்டைக்கு வெளிய இல்ல, உள்ளதான் கோளாறு, வேற டாக்டரத்தான் பாக்கணும்னான். "எந்திரிடி, போவம்"னு சொல்லிக்கிட்டே கை வந்துருச்சு. அவன் யோசிச்சு வரல, அது பாட்டுக்கு வந்துச்சு, வீட்டுல வர்ற மாதிரியே. பிடரிக்கு மேல கொத்தா. நான் கண்ண மூடிக்கிட்டு வழுக்கும்னு காத்திருந்தேன், பழக்கம். வழுக்கல. காய்ஞ்ச முடி மொத்தமும் அவன் கைக்குள்ள போயி இறுகுச்சு, தலைத்தோலு முழுசா மேல எழும்புச்சு, கண்ணுல தண்ணி தெறிச்சுச்சு. கண்ணத் தெறந்தா திரையில அவன் விரலு. பெருசா. கேன் தூக்கித் தூக்கிக் காப்புக் காய்ச்ச தோலு, நகத்து அழுக்கு, அதுக்கு நடுவுல வெளுத்துப் போய் நிக்கிற என் முடி வேரு. சார், கைய எடுங்கன்னா டாக்டர். அப்பத்தான் அவனுக்குத் தான் எங்க நிக்கிறோம்னே உறைச்சுச்சு. விரலு தளர ஆரம்பிச்சுச்சு, சிரிப்பு கூடத் திரும்பி வரப் பாத்துச்சு, சும்மா வெளையாட்டுக்கு மேடம்னு சொல்லப்போறான், சொல்லிட்டா அது வெளையாட்டாப் போயிரும். நான் ரெண்டு கையையும் மேல தூக்கி அவன் மணிக்கட்டப் பிடிச்சேன். பிடிச்சு என் தலையோட சேத்து அமுக்குனேன். நகம் எறங்குற அளவுக்கு அமுக்குனேன். அவன் வலியில என்னமோ முனகுனான், அந்தச் சத்தத்த இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் கேக்குறேன். "விடாதடா"ன்னேன். "அவங்க நல்லாப் பாக்கட்டும்."

டாக்டர் ஒரு பொத்தான அமுக்குனா, திரையில அந்தப் படம் அப்படியே நின்னுருச்சு. வெளிய இருந்த பொண்ணக் குரல் குடுத்து உள்ள கூப்பிட்டா, கதவு தெறந்துச்சு, காத்திருந்தவங்கள்லாம் எட்டிப் பாத்தாங்க. அவன் கைய உருவ இழுத்தான், இழுக்க இழுக்க என் முடியும் சேந்து போச்சு, போனா போகட்டும்னு நான் பிடிய விடல.